ஐந்தாவது குடை

“கதவுல இடிச்சுக்கிட்டேன்னு எத்தனை தடவை சொல்றது—”

“எந்தக் கதவுக்குடி அஞ்சு விரல் இருக்கு?”

“அக்கா, கையை விடு, பால் பொங்குது—”

“பொங்கி வழியட்டும். சட்டைக் கையை மேல தூக்கு.”

“நீ எனக்கு அக்காவா, போலீஸா? கப்போர்டுக் கதவு. சமையலறையில. மேல் கப்போர்டு. போதுமா?”

“மேல் கப்போர்டு கீழ இறங்கி வந்து உன் கையைச் சுத்திப் பிடிச்சுதாக்கும்.”

“ஆமா. அதுக்கு என் மேல அவ்வளவு ஆசை.”

இப்படித்தான் ஆரம்பித்தது, ஐயா. கப்போர்டுக் கதவுகள் எல்லா வீட்டிலும் தொல்லைதான். விமானப்படைக் குடியிருப்பில் இன்னும் மோசம். ஒரு குடும்பம் காலி செய்து முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் பெட்டியோடு வாசலில் நிற்கும். கீலை இறுக்க யாருக்கு நேரம்? அதனால் நானும் முதலில் நம்பத்தான் பார்த்தேன். பால் வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் அவள் கையை விட்டேன். விரல் அடையாளம் நாலு ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். அதை நான் கற்பனை செய்துகொள்ளவில்லை.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. விமான விபத்து விசாரணை முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

பாராசூட் மடிக்கும் கூடத்தில் ஜன்னலோர மேஜை என்னுடையது. விமானம் விழுந்த மறுநாள் உங்கள் ஆள் ஒருவர் மேஜை மேஜையாக வந்தார். அதில் இருந்தவர்களின் பாராசூட் பைகளில் எதையாவது நீங்கள் மடித்தீர்களா என்று என்னிடம் கேட்டார். “இறந்தவர் என் தங்கை வீட்டுக்காரர். சொந்தக்காரங்க பையை நாங்க தொடறதில்லை” என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு எங்கள் கூடத்து விதியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த விதிக்கு எங்கள் மேற்பார்வை அம்மா ஒரு காரணம் சொல்வார். “பாசமா இருக்கற அன்னிக்கு ரெண்டு தடவை மடிப்பீங்க, வேலை கெட்டுப்போகும். சண்டை போட்டுட்டு வந்த அன்னிக்கு அரைத் தடவை மடிப்பீங்க, ஆளே கெட்டுப்போவான். அவங்கவங்க ஆளை அடுத்த மேஜைக்குத் தள்ளுங்கம்மா.” எல்லாரும் சிரிப்போம்.

என் அடுத்த மேஜைக்காரியை ரேடியோ என்று கூப்பிடுவோம். காலையில் கைப்பையை ஆணியில் மாட்டும்போது பேச ஆரம்பித்தால் சாயங்காலம் அதை எடுக்கும்போதுதான் நிறுத்துவாள். மாப்பிள்ளையின் பை விதிப்படி அவளுக்குப் போக வேண்டியது. கல்யாணம் ஆன புதிதில், அவர் பை முதல் தடவை மடிப்புக்கு வந்தபோது, நான் அவளிடம் கேட்டேன்.

“அதை இந்தப் பக்கம் தள்ளு. பதிலுக்கு என்னோடது ஒண்ணை எடுத்துக்க.”

“விதி என்னாகறது?”

“நீ வாயை மூடிட்டிருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“என் மடிப்பு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

“மடிப்பு மேல இருக்கு. மடிக்கறப்ப நீ பேசற பேச்சு மேலதான் இல்லை.”

அவள் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்தப் பை சத்தமில்லாமல் என் மேஜைக்கு வந்தது. நான் நன்றாகத்தான் மடித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கயிறு ஒன்றோடொன்று உரசாமல், துணியில் விரல் ஈரம் படாமல், குழந்தைக்கு விரிக்கிற துணி மாதிரி நீவி நீவி மடித்தேன். என் பாப்பாவின் புருஷன் ஆயிற்றே.

பாப்பா என்றால் என் தங்கை. எங்கள் அம்மா போனபோது அவள் பால்குடி மறக்காத பிள்ளை. அப்பா அடுத்த வருஷமே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனார். நான் படிப்பை விட்டேன், இந்த வேலையில் சேர்ந்தேன். அவளுக்குத் தலை சீவினது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது, பள்ளிக்கூடத்தில் அம்மா பெயர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது எல்லாம் நான்தான். எனக்கும் ஒன்றிரண்டு வரன் வந்தது. “தங்கச்சியும் கூடவேவா வருவா?” என்று கேட்டார்கள். “ஆமா” என்றேன். அதோடு சரி. இதையெல்லாம் நான் தியாகம் என்று சொல்வதில்லை. சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

மாப்பிள்ளை அவளைப் பெண் கேட்டு வந்தபோது நேராக என்னிடம்தான் வந்தார். குண்டுவீச்சு விமானத்துக் கேப்டன். என் வீட்டு நாற்காலியில் பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். “நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா நான் போய்க் கொஞ்ச நாள் அழுதுட்டு மறுபடி வர்றேன்க்கா” என்றார். பாப்பா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சரி என்றேன்.

அவர்மேல் எனக்குக் குறை உண்டு. சொல்கிறேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார், எங்கே அவளுக்கு வேலை இல்லாமல் போய்விடுமோ என்று எனக்கு இருக்கும். என் வீட்டுக்கு வந்தால் கேட்காமலே குழாயைக் கழற்றிப் பழுது பார்ப்பார். அவளுக்கு முடி வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார். நான் வளர்த்த முடி, இடுப்புக்குக் கீழே இருக்கும். ஒரு நாள் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். “தலை லேசா இருக்குக்கா” என்றாள். இந்த மாதிரி ஒவ்வொன்றாக, ஐயா. வெளியே சொன்னால் சிறியதாகத்தான் தெரியும்.

அப்புறம் மாற்றல் உத்தரவு வந்தது. நாட்டின் மறுகோடியில் ஒரு தளம், பயிற்சி ஆசிரியர் பதவி. பாப்பா எங்கள் இருவருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டே அதைச் சொன்னாள், ஏதோ அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரி. “ரயில்ல போனா ரெண்டு நாள்தான்க்கா.” அந்த வாரத்தில்தான் நான் அவள் கையில் அந்த அடையாளத்தைப் பார்த்தேன். அந்த வாரத்திலேயே அவர் பை மடிப்புக்கு வந்தது.

எங்கள் வேலையில் ஒரு சிறு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பைக்குள் பெரிய குடை இருக்கிறது. அதை வெளியே இழுத்து விரிக்க ஒரு குட்டிக் குடை. குட்டிக் குடைக்குள் சுருள்கம்பி. மடிக்கும்போது அது துள்ளிக்கொண்டு வெளியே வரும், அதனால் ஒரு சிவப்பு நூலால் அதைக் கட்டிப் போட்டுக்கொண்டு வேலை செய்வோம். பையை மூடுகிற கடைசி நேரத்தில் சிவப்பு நூலை வெட்டி மேஜைமேல் இருக்கிற கிண்ணத்தில் போட வேண்டும். மேற்பார்வை அம்மா வந்து கிண்ணத்தைப் பார்ப்பார். பைக்கு ஒரு நூல் இருந்தால்தான் முத்திரை. வெட்ட மறந்தால் குட்டிக் குடை துள்ளி வராது, பெரிய குடையும் விரியாது; அதை அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். தெரியாதவள் அந்த மேஜைக்கு வர மாட்டாள்.

அன்றைக்கு நான் சிவப்பு நூலை வெட்டிக் கிண்ணத்தில் போட்டேன். மறக்கவில்லை. அதன் அடியில் வெள்ளை நூலால் இன்னொரு கட்டுப் போட்டிருந்தேன். துணியும் வெள்ளை, நூலும் வெள்ளை. ரேடியோ பக்கத்து மேஜையில் தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், நான் “ம்” போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் அவரைக் கொல்ல நினைத்தேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது. குதித்தால்தானே அந்தப் பைக்கு வேலை? எத்தனையோ பேர் ஒரு தடவைகூடக் குதிக்காமல் ஓய்வு பெற்றுப் போயிருக்கிறார்கள். நான் மடித்த பைகளில் திறந்தவை மிகச் சில. என் தங்கையைக் கை நீட்டி அடிக்கிற ஆளுக்கு ஒரு தீர்ப்பு வேண்டும், அதை மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அப்போது அது எனக்கு நியாயமாகப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். விடாமல் அடிக்கிற ஹாரன். எட்டிப் பார்த்தால் பாப்பா, ஒரு பழைய ஸ்கூட்டர்மேல், தலையில் ஹெல்மெட்டோடு.

“யாரு ஓட்டிட்டு வந்தது?”

“காத்து. ஏன், நான் ஓட்டக்கூடாதா?”

“உனக்கு எப்படி ஓட்டத் தெரியும்?”

“அவர்தான் கத்துக்குடுத்தார். ஓடுதளத்துக்குப் பின்னாடி காலி ரோடு இருக்குல்ல, அங்க. உங்கிட்ட சொல்லியிருந்தா விட்டிருப்பியா? சைக்கிளே வாங்கித் தராதவ நீ.” ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. “அன்னிக்கு நீ கைப்பிடிச்சு விசாரணை நடத்தினியே, அதான் இது. லாரிக்கு நேரா விட்டுட்டேன். அவர் பின்னாடி உட்கார்ந்திருந்தவர், என் கையைப் பிடிச்சு இழுத்து ரெண்டு பேரும் புல்லுல போய் விழுந்தோம். அவருக்கு முழங்கால் பேந்துடுச்சு. எனக்கு இந்தக் கை. கப்போர்டுக் கதவாம், அதையும் நம்பினியேக்கா.”

நம்பவில்லை என்று நான் சொல்லவில்லை.

இங்கேதான், ஐயா, நீங்கள் கேட்க நினைக்கிற கேள்வி வரும். கேளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் விமானம் விழுந்த நாளுக்கும் நடுவில் நாள் இருந்தது. பை முத்திரையோடு விமானிகள் அறைக்குப் போய்விட்டது, உண்மைதான். ஆனால் திரும்பக் கேட்டு வாங்கலாம். துணியில் ஒரு கறை பார்த்த மாதிரி இருந்தது, இன்னொரு தடவை பிரிக்கிறேன் என்றால் மேற்பார்வை அம்மா திட்டிக்கொண்டே வரவழைத்துத் தருவார். அதற்கு நான் அந்தப் பையைத் தொட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சம் திட்டு, ரேடியோவுக்கும் கொஞ்சம் திட்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை கேட்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலமே அவளைக் கூட்டிப்போக அவர் வந்தார், நொண்டிக்கொண்டு. என் மேஜைமேல் இருந்த உடைந்த கடிகாரத்தை எடுத்துக் குடைந்துகொண்டே சொன்னார்:

“அக்கா, அங்கயும் பாராசூட் கூடம் இருக்கு. அதிகாரிகிட்ட பேசிட்டேன். அனுபவம் உள்ளவங்க கிடைக்க மாட்டாங்களாம், உடனே அனுப்புங்கன்னுட்டார். குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம். வெளிச்சம் வர்ற ரூம் உங்களுக்கு.”

“நான் எதுக்கு மாப்பிள்ளை அங்க? உங்களுக்கு இடைஞ்சலா.”

“நீங்க இல்லாம இவ அங்க ஒரு வாரம் இருக்க மாட்டா. என்னைத் தின்னுடுவா. நான் என்னைக் காப்பாத்திக்கத்தான் கூப்பிடறேன், உங்களுக்காக இல்லை.”

பாப்பா அவர் முதுகில் குத்தினாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள், அவள் முகம் முழுக்க ஆசை.

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். அவர் வீட்டில் எனக்கு ஒரு அறை. அவர் பேசி வாங்கிக் கொடுத்த வேலை. என் பிள்ளையை நான் பார்க்க அவர் வழி விட வேண்டும். திங்கட்கிழமை நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்கலாம், எப்படியும் பயிற்சிப் பறப்புதானே, பயிற்சியில் யார் குதிக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

விமானம் விழுந்த அன்றைக்கு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயிற்சிக்காக ஒரு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திப் பறந்தார்கள். நிறுத்தினது மறுபடி கிளம்பவில்லை, ஓடிக்கொண்டிருந்தது தீப்பிடித்தது. நாங்கள் கூடத்தில் இருந்தோம். சங்கு ஊதியதும் எல்லாரும் வெளியே ஓடினார்கள். எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம்: விமானத்தைப் பார்க்க மாட்டார்கள், குடையை எண்ணுவார்கள். நாங்கள் மடித்தது அல்லவா.

“ஒண்ணு,” என்றாள் ரேடியோ. “அதோ ரெண்டு. மூணு. அம்மா தாயே. நாலு. வாடா, வாடா, இன்னும் ஒண்ணு.”

புகை கோடு போட்டுக்கொண்டு வீடுகளை விட்டு விலகி வயல் பக்கம் போனது.

“அஞ்சாவது எங்கடி? அஞ்சு பேருடி. அஞ்சாவது எங்க?”

நான் எண்ணவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது, காலில் உணர்ந்தேன். ரேடியோ திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கூடத்தில் பேசுவதில்லை, ஐயா. கைப்பையை மாட்டுகிறாள், வேலை செய்கிறாள், கைப்பையை எடுத்துக்கொண்டு போகிறாள். விதியை மீறி என்னைத் தொட விட்டது தெரிந்தால் வேலை போய்விடுமே என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே இருக்கட்டும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளைத் தண்டிக்காதீர்கள்.

கேப்டன் கடைசிவரை விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், குதிக்கும்போது உயரம் போதவில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த உயரம் போதும். அவருக்கு ஒரு மூச்சு முன்னால் குதித்த நேவிகேட்டர், விமானத்துக்கு வழி கணித்துச் சொல்கிறவர், அதுவும் அவ்வளவு பருத்த மனிதர், காலை உடைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறார். அந்த ஒரு மூச்சைத்தான் கணக்குத் தப்பிப் போட்டுவிட்டீர்கள். எரிகிற விமானத்துக்குப் பக்கத்திலேயே அவரும் விழுந்தார், தீயில் நூல் மிஞ்சவில்லை, நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. உங்கள்மேல் தவறில்லை.

நான் அவரைக் கொன்றேன். முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். தீர்ப்பை மேலே விட்டேன் என்பதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வரைக்கும்தான் செல்லும். அதற்குப் பிறகு அந்த நூலை அங்கே விட்டு வைத்தது, அவர் அடிக்கிறவர் இல்லை என்று தெரிந்த ஒருத்தி.

பாப்பா இப்போது என்னோடு இருக்கிறாள். அவள் பழைய கட்டிலில், சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் ஊட்டினால் வாயைத் திறக்கிறாள். தலை சீவி விடுகிறேன். முடி வளர ஆரம்பித்திருக்கிறது. நான் கேட்டது இதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சிரிக்கிறதில்லை. ஸ்கூட்டரை விற்றுவிடலாமா என்று கேட்டேன், அந்தச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை எங்கே அனுப்ப வேண்டுமோ அனுப்புங்கள். ஆனால் அவளிடம் உயரம் போதவில்லை என்றே இருக்கட்டும். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.

ஏன் இன்று வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று மாலை நேவிகேட்டர் வீட்டுக்கு வந்தார், கட்டுப்போட்ட காலோடு, ஊன்றுகோலைப் படியில் தட்டிக்கொண்டு. பாப்பா எழுந்து உட்கார்ந்தாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

“உங்களைப் பார்க்கத்தான்ம்மா வந்தேன். நான் அன்னிக்குக் கதவுகிட்ட போய் மலைச்சு நின்னுட்டேன். இந்த உடம்பை வச்சுக்கிட்டு எப்படிக் குதிக்கறதுன்னு. ‘கேப்டன், நீங்க போங்க, நான் அப்புறம் வர்றேன்’னேன். அவர் சிரிச்சாரும்மா. அந்தப் புகையில சிரிச்சார். ‘சும்மா போங்க சார். எனக்கென்ன பயம்? என் பையை எங்க அக்கா மடிச்சிருக்காங்க’ன்னு சொல்லி என்னைப் பிடிச்சுத் தள்ளினார்.”

“அவருக்கு எப்படித் தெரியும்?” என்று பாப்பா கேட்டாள். பல நாளுக்கு அப்புறம் அவள் பேசின முதல் பேச்சு அதுதான்.

“பக்கத்து மேஜை அம்மா எப்பவோ கேண்டீன்ல உளறிட்டாங்க. அதுலேருந்து எங்ககிட்ட ஒரே பெருமை. ‘உங்க பையெல்லாம் சம்பளத்துக்கு மடிச்சது, என்னோடது விதியை மீறி மடிச்சது’ன்னு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டார், நீங்க கூச்சப்படுவீங்களாம்.” அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். “உயரம் பத்தலை. நான் நின்ன அந்த நேரம்தான். அதை உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அவர் போனபின் பாப்பா கட்டிலைவிட்டு இறங்கி வந்தாள். தரையில் என் காலடியில் உட்கார்ந்தாள். என் இரண்டு கையையும் எடுத்து, உள்ளங்கையைத் திருப்பி, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படிச் செய்வாள். அவள் கண்ணீர் என் விரல் இடுக்கில் இறங்கியது. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்போ கடைசியில அவர் தனியா இல்லை, இல்லக்கா? நீ கூட இருந்தே, இல்லக்கா?”